வெளிச்சம் இருக்கட்டும், எத்தனை மணி நேரம்?

டார்ச் லைட் பெட்டிகளின் மேல் அச்சாகும் எண்கள் வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன. '20 வாட்', '1000 மீட்டர்', '10,000 லூமென்', '9900 எம்.ஏ.எச்.' என்று என் கடைக்கு வரும் பெட்டிகளில் இல்லாத எண் இல்லை. எத்தனை மணி நேரம் எரியும் என்பதை மட்டும் பெரும்பாலான பெட்டிகள் சொல்வதில்லை. சொல்லுகிற ஒன்றிரண்டும் எந்த வெளிச்சத்தில் அத்தனை மணி நேரம் என்பதைச் சொல்லாமல் நழுவிவிடும்.

நான் திருத்துறைப்பூண்டியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். விற்பனை பாதி, ரிப்பேர் பாதி. அப்பா வைத்த கடை. சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். விற்கிற கையே பிரித்தும் பார்ப்பதால் பெட்டிக்கு வெளியே என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டும் எனக்குத் தெரியும். அந்த உரிமையில் சொல்கிறேன்: அவசரத்துக்கு என்று நாம் வாங்கி வைக்கும் டார்ச்சுகளில் பெரும்பாலானவை அவசரத்துக்கு உதவாதவை.

கரண்ட் ஆறு மணி நேரம் போவது ஒரு ரகம், ஆறு நாள் போவது வேறு ரகம். கடைக்கு வருபவர்கள் முதல் ரகத்தை மனதில் வைத்துத்தான் லைட் கேட்கிறார்கள். "அக்கா, நல்லா பளிச்சுன்னு அடிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்பார்கள். பட்டனை அழுத்தி எதிர்க்கடைப் பெயர்ப்பலகையில் அடித்துப் பார்ப்பார்கள். பலகை பகல் வெளிச்சத்திலும் தெரிந்தால் வியாபாரம் முடிந்தது. இரண்டாம் ரகம் எப்படியிருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து, சேற்றில் நின்று இரவு பகலாகக் கம்பம் நட்டும், உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது.

அந்த வாரங்களில் சார்ஜ் லைட் வைத்திருந்த வீடுகள் முதல் சில இரவுகளிலேயே இருட்டுக்கு வந்துவிட்டன. ஜெனரேட்டர் ஓடிய இடங்களில் செல்போனையும் லைட்டையும் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். பரணில் கிடந்த 'மூணு கட்டை லைட்'டைத் தேடியெடுத்தவர்கள் என்னிடம் பேட்டரிக் கட்டை மட்டும் கேட்டு வந்தார்கள். பளபளப்பே இல்லாத அந்தப் பழைய லைட்தான் பல வீடுகளில் கடைசி நாள் வரை எரிந்தது. காரணம் எளிய கணக்கு.

லூமென் கணக்கு

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. அப்பா காலத்து இரண்டு கட்டை டார்ச்சில் இருந்த குண்டு பல்ப் கொடுத்தது பத்து, மிஞ்சிப்போனால் இருபது லூமென். அதை வைத்துக்கொண்டுதான் வரப்பில் நடந்தார்கள், மடை பார்த்தார்கள், சினிமா கொட்டகையிலிருந்து வீடு திரும்பினார்கள். எரிந்த கரண்டில் பெரும்பகுதி சூடாகப் போனதால் அந்தச் சிறிய வெளிச்சத்துக்கே கட்டை சீக்கிரம் தீர்ந்தது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வெள்ளை எல்.இ.டி. வந்தது அந்த நீலத்தின் வழியாகத்தான். குண்டு பல்ப் ஒரு வாட்டுக்குப் பத்து லூமென் கொடுக்கவே திணறிய இடத்தில், இன்றைய சுமாரான எல்.இ.டி. டார்ச் நூறு கொடுக்கிறது.

இந்தப் பத்து மடங்கு லாபத்தை மணி நேரமாக வாங்கிக்கொண்டிருந்தால் கஜா நேரத்தில் யாரும் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நாம் அதைப் பளிச்சாக வாங்கிக்கொண்டோம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். இப்போது சார்ஜ் டார்ச்சுகளில் அதிகம் வரும் லித்தியம் பேட்டரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நேர்மையான 2000 எம்.ஏ.எச். பேட்டரியில் ஏறத்தாழ 7 வாட் மணி மின்சாரம் இருக்கும். ஒரு வாட்டுக்கு நூறு லூமென் என்று வைத்தால் கையில் இருப்பது மொத்தம் 700 லூமென் மணி. ஆயிரம் லூமெனில் அடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. நூறு லூமெனில் ஏழு மணி நேரம் வரும். இருபது லூமெனில் 35 மணி நேரம், அதாவது சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை எரித்தால் எட்டு நாளுக்கு மேல். கரண்ட்டைக் குறைத்து ஓட்டும்போது எல்.இ.டி.யின் திறன் இன்னும் கொஞ்சம் கூடும் என்பதால், நல்ல டிரைவர் (எல்.இ.டி.க்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) உள்ள லைட்டில் நிஜக் கணக்கு இதற்கு மேலேகூடப் போகும். ஏரியில் இருக்கும் தண்ணீர் ஒன்றுதான். மதகை முழுக்கத் தூக்கினால் ஒரே நாளில் வடியும், ஒரு பலகை மட்டும் எடுத்தால் போகம் முழுக்க வரும்.

நம் கண்ணும் இதற்கு ஒத்துழைக்கிறது. வெளிச்சம் நான்கு மடங்கு கூடினால் கண்ணுக்கு இரண்டு மடங்கு கூடியதாகத்தான் தெரியும். பேட்டரியோ நான்கு மடங்கு வேகத்தில் கரையும். சோறு போடவும், மாத்திரை எடுக்கவும், கொல்லைப்புறம் போய்வரவும் பத்து இருபது லூமென் தாராளம். தெருவில் நடக்க ஐம்பது, நூறு. மரம் எங்கே விழுந்திருக்கிறது, கம்பி அறுந்து கிடக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்க மட்டும் முந்நூறு, நானூறு தேவை. அதுவும் ஒரு நிமிட வேலை. ஆகவே அவசரத்துக்கு வாங்கும் லைட்டில் எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு முன்னால் எவ்வளவு குறைக்கலாம் என்று பாருங்கள். ஒரே வெளிச்சத்தில் மட்டும் எரியும் லைட் எத்தனை பளிச்சென்று இருந்தாலும் புயலுக்கு ஆகாது.

பிரித்துப் பார்த்தால்

ரிப்பேருக்கு அதிகம் வருவது பின்பக்கம் தள்ளினால் இரண்டு பின் வெளியே நீட்டிக்கொண்டு வரும் சார்ஜ் லைட். நேராக பிளக்கில் சொருகலாம் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். நான்கு ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, ஒரு பிரவுன் நிறக் கெப்பாசிட்டர், நான்கு டயோடு, ஒரு சுவிட்ச், எல்.இ.டி. பலகை. டிரான்ஸ்பார்மர் கிடையாது. சார்ஜில் இருக்கும்போது உள்ளே இருக்கும் உலோகம் அத்தனையிலும் வீட்டுக் கரண்ட் நேரடியாக ஓடுகிறது. மூடி விரிசல் விட்ட லைட்டை ஈரக்கையோடு பிளக்கிலிருந்து பிடுங்குபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி நிறைந்ததும் நிறுத்த ஒரு ஏற்பாடும் இல்லை. ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டால் பேட்டரி காய்ந்து உப்பிவிடும்.

அதைவிடப் பெரிய குறை, லெட் ஆசிட் பேட்டரிக்குச் சும்மா இருப்பது ஆகாது. சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது. சித்திரையில் வாங்கி, ஒரு தடவை எரித்துப் பார்த்து, பீரோவுக்குள் வைத்து, ஐப்பசியில் எடுக்கிறோம். எரியாது. "வாங்குனது அப்படியே புதுசா இருக்குதும்மா, ஒரு நாள்கூட எரிக்கலையே" என்று பெரியவர்கள் வருத்தத்தோடு கொண்டுவந்து நீட்டுவார்கள். எரிக்காததால்தான் செத்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது ஜூம் லைட். கழுத்தை இழுத்தால் ஒளி குவியும், உள்ளே தள்ளினால் விரியும். இதில் இருப்பது நான் மேலே சொன்ன 18650 லித்தியம் பேட்டரி. மேலே '9900' என்று எழுதியிருக்கும். இந்த அளவுள்ள பேட்டரியில், உலகின் பெயர்பெற்ற கம்பெனிகளே 3500-ஐ ஒட்டித்தான் அடைக்கின்றன. ஒருமுறை அப்படிப்பட்ட பேட்டரி ஒன்றைப் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நல்ல 18650 ஏறத்தாழ 45 கிராம் இருக்க வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைவாகத்தான் காட்டியது. நகைக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே "சேதாரம் ஜாஸ்தியா இருக்கே" என்றார். எடை குறைந்தால் உள்ளே சரக்கும் குறைவு. இதற்கு மேல் பரிசோதனை வேண்டியதில்லை. மலிவான லித்தியம் பேட்டரிகள் பலவற்றில் பாதுகாப்புச் சர்க்யூட்டும் இருப்பதில்லை. மெத்தை மேல் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுகிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஜூம் லைட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். விவசாயிகள் அதைத் தூரத்துக்காக வாங்குகிறார்கள். மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் நடுராத்திரியில் வந்தால் எழுந்து போக வேண்டியிருக்கிறது. குவித்து அடித்தால் அடுத்த வயலில் உள்ள கொக்கு தெரியும். காலடியில் கிடக்கும் கட்டுவிரியன் தெரியாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி கிராமங்கள், மழைக்காலம். வரப்பில் நடப்பவருக்கு வேண்டியது காலைச் சுற்றி அகலமாக விழும் ஒளி. இரண்டு கையும் சும்மா இருக்கும்படி தலையில் மாட்டும் லைட் இன்னும் நல்லது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடிவதற்கு முன்பே அதை நெற்றியில் மாட்டிக்கொண்டுதான் தோட்டத்தில் இறங்குகிறார்கள். நம் பக்கத்தில் ஏனோ அது இன்னும் விளையாட்டுச் சாமானாகவே பார்க்கப்படுகிறது.

கடைசியாகக் கட்டை போடும் லைட். மூன்று பெரிய கட்டையில் அரை வாட் எல்.இ.டி. ஒன்று, மங்கி மங்கியாவது, 30 மணி நேரத்துக்கு மேல் எரியும். பென்சில் கட்டை இரண்டு போடும் சின்ன லைட்டில் அல்கலைன் கட்டையாகப் போட்டால், ஐம்பது லூமெனில் ஏழெட்டு மணி நேரமாவது வரும். தீர்ந்தால் பெட்டிக்கடையில் கட்டை கிடைக்கும். பிளக் வேண்டாம், ஜெனரேட்டர் வாசலில் நிற்க வேண்டாம். டிவி ரிமோட்டிலிருந்தும் சுவர்க் கடிகாரத்திலிருந்தும் கழற்றிப் போட்டுக்கூட ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம். இதன் எதிரி கசிவு. லைட்டுக்குள்ளேயே கட்டையை மறந்துவிட்டால் ஒருநாள் பொங்கி, வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். அல்கலைன் கசிவாக இருந்தால் எலுமிச்சைச் சாறில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவைத்தால் பல லைட்டுகள் பிழைத்துக்கொள்ளும். அதைவிட நல்லது, கட்டையைத் தனியாக ஒரு கவரில் போட்டு லைட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது.

அளவுகோல் இல்லாமல் இல்லை

மணிக்கணக்கை எப்படி அச்சிடுவது, ஒவ்வொருவரும் ஒரு விதமாக அளப்பார்களே என்று மொத்த வியாபாரிகள் சொல்வதுண்டு. அளவுகோல் எப்போதோ வந்துவிட்டது. அமெரிக்க டார்ச் தயாரிப்பாளர்கள் சேர்ந்து உருவாக்கி, 2009-இல் அந்நாட்டுத் தேசியத் தர அமைப்பின் பெயரில் வெளியான எஃப்.எல்.1 என்ற தரவிதி இருக்கிறது. லைட்டைப் போட்ட 30-ஆவது வினாடியில் இருக்கும் வெளிச்சத்தை அளந்து, அது பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரத்தைத்தான் எரியும் நேரம் என்று அச்சிட வேண்டும். ஒளி பாயும் தூரத்துக்கும் கணக்கு உண்டு. வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் இடம் வரைதான் தூரம். கால் லக்ஸ் என்பது திறந்த வெளியில் பௌர்ணமி நிலா கொடுக்கும் ஒளி. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போட்டாலும் எரிய வேண்டும் என்ற சோதனையும், தண்ணீரைத் தாங்குவதற்கான படிநிலைகளும் இருக்கின்றன. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் மழைச்சாரல் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பழுதாகாது. வெள்ளம் வரும் ஊரில் எது வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த அளவுகோலிலும் ஒரு சந்து இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் விலையுயர்ந்த லைட்டுகளே அதில் புகுந்து வருகின்றன. ஆயிரம் லூமெனில் ஆரம்பிக்கும் லைட் சூடு தாங்காமல் இரண்டு மூன்று நிமிடத்தில் முந்நூறுக்கு இறங்கி, அங்கேயே மூன்று மணி நேரம் எரியும். பெட்டியில் '1000 லூமென், 3 மணி நேரம்' என்று இருக்கும். இரண்டும் தனித்தனியாக உண்மை, சேர்த்துப் படித்தால் பொய். அதனால்தான் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக நேரம் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். குறைந்த நிலைக்குப் போட்டிருக்கும் நேரத்தில் அவ்வளவு ஏமாற்றுக்கு இடமில்லை; சூடே ஆகாதபோது இறங்க வேண்டிய அவசியமும் இல்லை.

அணையும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. சுமாரான லைட் ஆரம்பத்திலிருந்தே மங்கிக்கொண்டு வரும். நல்ல டிரைவர் உள்ள லைட், பேட்டரி தீரும்வரை ஒரே சீராக எரிந்துவிட்டுச் சட்டென்று அணையும். கடைக்கு வருபவர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பாதி வழியில் இருட்டில் நிற்க வேண்டியவருக்கு முதலாவதே தேவலை. அது கொஞ்சம் கொஞ்சமாகவாவது சொல்லிக்கொண்டு போகிறது. சீராக எரியும் லைட் வாங்கினால், சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்ன விளக்கு அதில் இருக்க வேண்டும்.

பெட்டியை நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ராத்திரி லைட்டை வெள்ளைச் சீலிங்கைப் பார்த்து நிமிர்த்தி வையுங்கள். செல்போனில் ஒளி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, போனை எப்போதும் ஒரே இடத்தில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப எண்ணில் பத்தில் ஒன்று வரும்போது மணி பாருங்கள். செயலி வேண்டாம் என்றால் இந்தச் செய்தித்தாளே போதும். சீலிங்கில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் இந்தப் பத்தியின் எழுத்தைப் படிக்க முடியாமல் போகும் நேரம்தான் உங்கள் லைட்டின் உண்மையான ஆயுள்.

போன் டார்ச் ஆகாது

"எதுக்குக்கா தனியா ஒரு லைட்டு, அதான் போன்ல இருக்கே" என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை அவர்களுக்கு நினைவுபடுத்துவேன். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் நின்றுபோனது. நூற்றுக்கணக்கானவர்களை அங்கிருந்து வெளியே கொண்டுவர இரண்டு நாள் பிடித்தது. அப்படி மாட்டிக்கொள்ளும்போது போனில் இருக்கும் ஒவ்வொரு சதவீதமும் ஒரு அழைப்பு. எங்கே இருக்கிறோம் என்று சொல்ல, யார் வருகிறார்கள் என்று கேட்க. அதைச் செருப்பு தேட எரிக்கக் கூடாது. போதாக்குறைக்கு, போன் லைட் நாலடிக்கு மேல் பரவிக் கரைந்துவிடும். மொட்டைமாடியிலிருந்து படகுக்காரருக்குச் சைகை காட்ட உதவாது. கையில் தனி டார்ச் இருந்தால் மூன்று குட்டி, மூன்று நெடில், மீண்டும் மூன்று குட்டி என்று விட்டுவிட்டு அடித்தால் ஆபத்து என்று யாருக்கும் புரியும். இதை நம் விரலே செய்யும். பட்டனை அழுத்த அழுத்த மின்னுவது, துடிப்பது, எஸ்.ஓ.எஸ். என்று ஐந்து வித்தை காட்டும் லைட்டுகள் எனக்குப் பிடிக்காது. அவசரத்தில் வெறும் வெளிச்சத்தைத் தேடி ஐந்து முறை அழுத்த வேண்டியிருக்கிறது.

எதை வாங்குவது

ஒரு வீட்டுக்கு இரண்டு லைட் வேண்டும் என்பது என் கருத்து. அன்றாடம் எரிக்க, யு.எஸ்.பி. ஒயரில் சார்ஜ் ஏறும் லித்தியம் லைட் ஒன்று. வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும், பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. பவர் பேங்கிலிருந்தும் அதற்குச் சார்ஜ் ஏற்றலாம். இரண்டாவது, பீரோவில் காத்திருக்க, கட்டை போடும் லைட் ஒன்று, கூடவே பிரிக்காத அல்கலைன் கட்டை இரண்டு செட். அல்கலைன் கட்டை பல வருடம் சக்தி குறையாமல் இருக்கும்; கவரில் தேதி அச்சிட்டிருப்பார்கள். பழைய கட்டையையும் புதுக் கட்டையையும் கலந்து போடாதீர்கள், பழையது கசியும். அடிக்கடி எரிப்பவர்கள் சார்ஜ் தங்கும் ரக நிக்கல் பென்சில் கட்டைக்கு மாறலாம். அது மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் சார்ஜைப் பெருமளவு காப்பாற்றி வைக்கும்.

கைப்பிடியைச் சுற்றினால் எரியும் டைனமோ லைட்டும், தலையில் சின்ன சோலார் தகடு ஒட்டிய லைட்டும் கேட்பவர்கள் உண்டு. தகடு அந்த அகலத்தில் இருந்தால் ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்தும் கொஞ்சம்தான் ஏறும், புயல் மேகத்தில் அதுவும் இல்லை. சுற்றுகிற லைட் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

வைத்துக்கொள்ளும் விதமும் முக்கியம். லெட் ஆசிட் லைட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அமாவாசைக்கு அமாவாசை சார்ஜ் போடுங்கள், நாள் மறக்காது. லித்தியம் லைட்டைக் காலியாக வைக்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். மெதுவாகத் தொட்டால் எரியும் பட்டன் உள்ள லைட்டுகள் அணைந்திருக்கும்போதும் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் எடுக்கும். பின்மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்தால் அது நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, லைட் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் இருட்டிலேயே தெரிய வேண்டும்.

பெட்டியில் ஒரு வரி

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் புயல் கால அறிவுரையில் டார்ச்சும் போதிய பேட்டரியும் கையிருப்பில் வையுங்கள் என்று இருக்கிறது. சரியான அறிவுரை. ஆனால் எந்த டார்ச் எத்தனை இரவு தாங்கும் என்று கடையில் நிற்பவர் எப்படித் தெரிந்துகொள்வார்? பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் எத்தனை யூனிட் ஆகும் என்று நட்சத்திரச் சீட்டு ஒட்டுகிறோம். பிஸ்கட் பொட்டலத்தில் எத்தனை கிராம் என்று போடாவிட்டால் குற்றம். உயிரைக் காக்க வாங்கும் பொருளில் மட்டும் 10,000 லூமென், 9900 எம்.ஏ.எச். என்று வாய்க்கு வந்ததை அச்சிடலாம் என்றால் எப்படி? உள்ளே இருப்பது எந்த ரகப் பேட்டரி, எத்தனை வாட் மணி, ஒவ்வொரு நிலையிலும் எத்தனை மணி நேரம் எரியும் என்ற மூன்றையும் பெட்டியின் முகப்பில் அச்சிடச் சொல்ல வேண்டும். பொய்யாக அச்சிட்டால் எடை குறைத்தவரைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும்.

கூடவே இன்னொன்று. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் செத்த பேட்டரிகள் குப்பைமேட்டுக்கும் வாய்க்காலுக்கும்தான் போகின்றன. விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்து 2022-இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்துவிட்டன. எங்களைப் போன்ற சிறு கடைகளில் ஒரு சேகரிப்புப் பெட்டி வைத்தாலே பாதி வேலை முடியும். என் கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையக் கிடக்கிறது. எடுத்துப் போக ஆள்தான் வரவில்லை.

அரசு ஆணை வரும்வரை கடைக்காரர்கள் காத்திருக்கவும் தேவையில்லை. எரியும் நேரம் அச்சிடாத பெட்டியை இந்தப் பருவத்தில் எடுப்பதில்லை என்று என் மொத்த வியாபாரியிடம் சொல்லிவிட்டேன். அப்படிப் பார்த்தால் உங்கள் அலமாரியில் பாதி காலியாக அல்லவா இருக்கும் என்றார். இருக்கட்டும். மிச்ச இடத்தில் பேட்டரிக் கட்டை அடுக்கிக்கொள்கிறேன்.